மாற்றும்போது ஒன்று, கொடுக்கும்போது மூன்று

அந்த வழக்குக் கட்டின் முதல் தாள் ஒரு பதிவுத்தபால் ஒப்புகை அட்டை. 2019 மே மாதம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, தனக்குச் சேர வேண்டிய பணிக்கொடையைக் கேட்டு நிர்வாகத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி. அலுவலக முத்திரை, வாங்கியவரின் சுழித்த கையெழுத்து, தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தன. நிர்வாகம் அனுப்பிய பதிலைத் தேடினேன். இல்லை. நான் நிர்வாகத் தரப்பு வக்கீல் என்பதால் அலுவலகக் கண்காணிப்பாளரிடமே கேட்டேன்.

“கொடுக்கப்போறதில்லைன்னு முடிவாயிட்டு. அப்புறம் எதுக்கு சார் பதில்?” என்றார்.

பணிக்கொடை விண்ணப்பம் வந்தால் கொடுக்கிறோம் என்றோ, இன்ன காரணத்தால் கொடுக்க முடியாது என்றோ எழுத்தில் பதில் போட்டாக வேண்டும் என்பது விதி. அந்த ஒரு கடிதம் போயிருந்தால் வழக்கு வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா தொழிலாளர் துறையின் படியேறும் அளவுக்குக் கோபப்பட்டதற்குப் பணத்தைவிட அந்த மௌனமே பெரிய காரணம். அதைப் பின்னால் அவரே சாட்சியத்தில் சொன்னார்.

நிர்வாகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது கோயில் சார்ந்ததா, உறவின்முறை நடத்துவதா, தொழில் செய்து வளர்ந்தவர் ஒருவர் தொடங்கிய அறக்கட்டளையா என்றும் சொல்லப் போவதில்லை. தூத்துக்குடிக் கரையில் மூன்று வகையும் உண்டு. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடலோரமாகப் போனால் தெரியும். இங்கே பள்ளிக்கூடம் ஒற்றையாக நிற்பது குறைவு. ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து, பத்து, இருபது என்று ஊர் ஊராக இருக்கும். நிர்வாகத்துக்குத் தலைமை அலுவலகம் நகரத்தில், பள்ளிகள் கரையெங்கும்.

இந்த அமைப்புக்கு வயது அதிகம். 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊருக்கு ஊர் உபதேசியார்களை அமர்த்திப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறை வருமானத்தில் போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பொன் பணத்தை இதற்குத் திருப்பிவிடும்படி அவர் கேட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முத்துக்குளிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஊர் ஊராக ஆசிரியரை அமர்த்திவிட்டு, அவருக்கு யார் கொடுப்பது என்று கேட்கும் நிலை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இப்போதுள்ள நிர்வாகங்களில் ஆசிரியர்கள் இரண்டு வகை. அரசு உதவிபெறும் பணியிடத்தில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் ஓய்வுக்காலப் பணமும் அரசுக் கணக்கிலிருந்து வரும். அவர்களை ‘எய்டட்’ என்பார்கள். அதே வளாகத்தில், சில சமயம் அதே வகுப்பறையில், நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர்கள் ‘மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்’. மெட்ரிக் பள்ளி என்றால் எல்லோருமே இந்த இரண்டாம் வகைதான். பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, சம்பளத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். என் கட்சிக்காரரை எதிர்த்து வந்த ஆசிரியை மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்.

1998 ஜூனில் நகரத்துப் பள்ளியில் சேர்ந்தவர். அங்கே ஒன்பது ஆண்டு. 2007இல் வடக்கே ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பினார்கள், எட்டு ஆண்டு. 2015இல் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்கிய பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேண்டும் என்று அங்கே அனுப்பினார்கள், நான்கு ஆண்டு. ஆக 21 ஆண்டு. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அலுவலகத்தில் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்று, பழைய பள்ளிக்கு ராஜினாமாக் கடிதம். மற்றொன்று, புதிய பள்ளிக்கு வேலை கேட்டு விண்ணப்பம். “ஆபீஸ் வழக்கம் டீச்சர், போட்டுக்குடுங்க” என்று சொல்லி வாங்கியது.

அந்த வழக்கத்தின் பண மதிப்பைப் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். ஓய்வுபெறும்போது அந்த அம்மாவின் சம்பளம் 13,000 ரூபாய். நாளுக்கு 500, ஆண்டுக்கு 7,500, 21 ஆண்டுக்கு 1,57,500 ரூபாய். அவர் கேட்டது இது.

ராஜினாமாக் கடிதங்களை ஏற்றுக்கொண்டால் கணக்கு வேறு. முதல் பள்ளியை விடும்போது சம்பளம் 3,900. ஒன்பது ஆண்டுக்கு 20,250. இரண்டாவதை விடும்போது 9,100. எட்டு ஆண்டுக்கு 42,000. மூன்றாவதில் நான்கே ஆண்டு, ஐந்து நிறையவில்லை, ஒன்றுமில்லை. மொத்தம் 62,250. அதுவும் அந்தந்தக் காலத்தில் கேட்கவில்லை, கெடு தாண்டிவிட்டது என்று சொன்னால் அதையும் மறுத்துவிடலாம். நிர்வாகம் மறுக்கத்தான் சொன்னது.

கட்டைப் படித்து முடித்ததும், பேசி முடித்துவிடலாம் என்று செயலாளரிடம் சொன்னேன். பெரிய தொகை அல்ல, 21 வருடம் வேலை பார்த்தவர் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. பள்ளிகளுக்காகத் தன் கைக்காசையும் நேரத்தையும் செலவழித்தவர்தான்.

“தொகை பெரிசில்ல வக்கீல் சார். இந்த டீச்சருக்குக் குடுத்தா, அடுத்த மாசம் நாப்பது பேரு வாசல்ல வந்து நிப்பாங்க. பத்துப் பன்னெண்டு ஸ்கூல் இருக்குல்லா” என்றார்.

ஒற்றைப் பள்ளி நடத்துகிறவருக்கு ஓர் ஆசிரியையின் குறை ஓர் ஆசிரியையின் குறைதான். பல பள்ளி நடத்துகிறவருக்கு அது எல்லாப் பள்ளிக்கும் விலை நிர்ணயிக்கும் விஷயமாகிவிடுகிறது. அதனால்தான் கொடுக்க மனமிருந்தும் கொடுக்க அஞ்சுகிறார்கள். வக்காலத்து போட்ட பிறகு வாதாட வேண்டியது என் வேலை. மூன்று வாதங்களை எதிருரையில் வைத்தேன்.

முதல் வாதம்: ஆசிரியர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். அன்று அது வலுவான வாதம்தான். தூத்துக்குடியில் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர், உப்பளத்தில் உப்பு வாருகிறவர், நூற்பாலையில் நிற்கிறவர் எல்லோருக்கும் தொழிலாளர் சட்டங்களின் கதவு திறந்திருந்தது. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தத்தை வக்கீல் வ.உ.சி. முன்னின்று நடத்திக் கூலி உயர்வு வாங்கிக் கொடுத்த ஊர் இது. ஆனால் ஆசிரியருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியையான சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், கல்வி தொழிலாக இருந்தாலும் ஆசிரியர் தொழிற்தகராறு சட்டப்படியான தொழிலாளி அல்ல என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுநர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; அந்த வேனில் வருகிற டீச்சர் போக முடியாது.

பணிக்கொடையிலும் அதே கதை. 1997 ஏப்ரல் 3ஆம் தேதி அறிவிக்கை மூலம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் வந்தது. ஆனால் அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்க வழக்கில் 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சட்டம் பட்டியலிடும் வேலை வகைகளில் ஆசிரியர் பணி எதற்குள்ளும் அடங்கவில்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும் என்றது. நாடாளுமன்றம் 2009இல் திருத்தியது. அதுவும் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும்படி முன்தேதியிட்டு. தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் போயின. எங்கள் வழக்கு நடந்தபோது அது உச்ச நீதிமன்றத்தில் நிலுவை. அந்த முடிவு வரட்டும் என்று வாய்தா கேட்டேன். நடுவில் கொரோனா வந்து விசாரணையே நின்றது. பிறகு 2022 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு வந்தது: திருத்தம் செல்லும், ஆசிரியர்களுக்கு வட்டியோடு ஆறு வாரத்தில் கொடுங்கள். என் முதல் வாதம் அன்றோடு தீர்ந்தது.

இரண்டாவது வாதம்தான் வழக்கின் உயிர். மூன்று பள்ளியும் தனித்தனி நிறுவனம், தனித்தனித் தாளாளர், தனித்தனி அங்கீகாரம், ஆசிரியை தாமாகவே ராஜினாமா செய்திருக்கிறார், இதோ கடிதங்கள்.

எதிர்த்தரப்பில் வந்த வக்கீல் வயதில் சிறியவர், அமைதியாகப் பேசுவார். எங்கள் கண்காணிப்பாளரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். சத்தம் போடவில்லை.

“ஆசிரியரை வேலைக்கு எடுப்பது யார்?”

“மத்தியக் குழு.”

“ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு அனுப்புவது?”

“மத்தியக் குழு.”

“சம்பளம்?”

“அந்தந்த ஸ்கூல்.”

“ஸ்கூல் கணக்குக் காசோலையில் கையெழுத்து?”

கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் கட்டைப் பார்த்தேன். “மத்தியக் குழுச் செயலாளர்” என்றார்.

அடுத்து அந்த வக்கீல் மூன்று கடிதங்களை, வழக்கை விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரி முன் வரிசையாக வைத்தார். 2015இல் ஒரே வாரத்தில் எழுதியவை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகக் கடற்கரைப் பள்ளியின் கடிதத்தாளில் ஒன்று, பணியில் அமர்த்துவதாகத் தேரிக்காட்டுப் பள்ளியின் கடிதத்தாளில் ஒன்று, வேறோர் ஆசிரியர் விஷயமாக நகரத்துப் பள்ளியின் கடிதத்தாளில் ஒன்று. மூன்றின் தலையிலும் ந.க. எண் இருந்தது. அடுத்தடுத்த எண்கள். மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே அனுப்புகைப் பதிவேடு, ஒரே மேசை, தட்டச்சு செய்தவரும் ஒருவரே. மூன்று ஊர்களுக்கு இடையே முப்பது நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

அதற்கு மேல் பி.எஃப். கணக்கு. எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து நிர்வாகம் திருநெல்வேலி பி.எஃப். அலுவலகத்தில் ஒரே குறியீட்டு எண் வாங்கியிருந்தது. கிளைகள், பிரிவுகள் எத்தனை இருந்தாலும் ஒரே நிறுவனமாகக் கொள்ள வேண்டும் என்று வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின் 2ஏ பிரிவு சொல்கிறது, அதன்படி வாங்கியது. ஆசிரியையின் பி.எஃப். எண் 21 வருடமும் மாறவே இல்லை.

ஆசிரியையின் முறை வந்தபோது நான் குறுக்கு விசாரணை செய்தேன். ராஜினாமாக் கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். படித்த பிறகுதானே போட்டீர்கள் என்றேன்.

“படிச்சுத்தான் சார் போட்டேன். மாத்தும்போது ‘எல்லாம் நம்ம ஸ்கூல்தான டீச்சர், எங்க இருந்தா என்ன’ன்னு சொன்னாங்க. நானும் நம்பித்தான் போனேன், பிள்ளையளை வீட்டுல விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி. இப்பக் குடுக்கணும்னு வரும்போது மட்டும் எப்படி அது மூணு ஸ்கூலா ஆச்சு?”

அதிகாரி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த அம்மா சொன்னதைத்தான் பணிக்கொடைச் சட்டம் பிரிவு 2(எஃப்)இல் வேறு வார்த்தையில் சொன்னது. நிறுவனத்தின் காரியங்கள் மேல் இறுதிக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி. கடிதத்தாளில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அறக்கட்டளைப் பத்திரத்தில் நியமனமும் மாற்றமும் நீக்கமும் மத்தியக் குழுவின் அதிகாரம் என்று நிர்வாகமே எழுதி வைத்திருந்தது. ஊழியரை ஊர் விட்டு ஊர் மாற்றும் வசதிக்காக எழுதிய வரி, பணிக்கொடையில் வந்து கட்டிப்போட்டது.

மூன்றாவது வாதத்தில் எனக்கே நம்பிக்கை இருந்ததில்லை. வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். ஆரம்ப ஆண்டுகளில் மே மாதச் சம்பளம் கொடுத்ததில்லை. ஏப்ரலோடு வேலை முடிந்து ஜூனில் மறுபடி எடுத்ததாகக் கணக்கு. ஆகவே தொடர்ந்த பணி இல்லை என்பது வாதம். அதிகாரி தூத்துக்குடி பக்கத்துக்காரர். “பள்ளிக்கூடத்தை உப்பளம் மாதிரி சீசன் தொழில்னு சொல்ல வாறீங்களா?” என்று கேட்டார். மழை தொடங்கினால் அளத்தில் வேலை இல்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, சீசன் தொழிலாகவே வைத்துக்கொண்டாலும், அந்த நிறுவனம் இயங்கிய நாள்களில் நூற்றுக்கு 75 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்றது பணிக்கொடைச் சட்டத்தின் பிரிவு 2ஏ. சீசன் இல்லை என்றால் ஆண்டுக்கு 240 நாள். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனம் என்றால் 190 நாள். எங்கள் பள்ளிகளுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது 190க்குக் குறைந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. டீச்சர் லீவே எடுத்ததில்லை என்பதை எங்கள் பதிவேடே சொன்னது.

2023இன் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. 21 ஆண்டும் ஒரே தொடர்ந்த பணி, 1,57,500 ரூபாய், 10 சதவீதத் தனிவட்டி. மூன்றே முக்கால் ஆண்டுக்கு வட்டி மட்டும் 59,000 ரூபாய்க்கு மேல். செயலாளர் மேல்முறையீடு என்றார். போகலாம், ஆனால் பணிக்கொடைத் தொகை முழுவதையும் முதலில் கட்டிவிட்டுத்தான் மேல்முறையீட்டு அதிகாரி முன் நிற்க முடியும் என்று பிரிவு 7(7)ஐக் காட்டினேன். கட்டப்போகிற பணத்தை அந்த அம்மாவிடமே கொடுத்துவிடலாமே என்று குழுவில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார். வழக்கு முழுக்க நிர்வாகத் தரப்பில் நான் கேட்ட முதல் தெளிவான பேச்சு அது. கொடுத்தார்கள்.

செயலாளர் பயந்தபடியே மற்றவர்கள் வந்தார்கள். நாற்பது பேர் இல்லை, ஆனால் வந்தார்கள். அப்போதுதான் குழு என்னிடம், வழக்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. வழக்கமாக வக்கீலிடம் யாரும் கேட்காத கேள்வி.

எழுதிக் கொடுத்தேன். எல்லாப் பள்ளி ஊழியர் விஷயத்துக்கும் பொறுப்பாக ஒரே ஒருவரை வையுங்கள். கடிதம் வந்தால் பதில் போடும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டாம். மாற்றம் என்றால் மாற்றல் உத்தரவு மட்டும். ராஜினாமா வாங்குவதை நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டை ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் சேர்ந்து ஆண்டுதோறும் கொஞ்சம் கட்டிவந்தால், ஒரே சமயத்தில் பலர் ஓய்வுபெறும்போது தலையில் இடி விழாது.

பொறுப்புக்கு வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சட்டம் படித்தவர் அல்ல. எல்லாப் பள்ளி ஆசிரியர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர். முதலில் கடந்த சில ஆண்டுகளில் ஓய்வுபெற்றவர்கள் பட்டியலை எடுத்தார். இருவர் இறந்துபோயிருந்தார்கள். வாரிசு நியமனப் படிவம் ஒருவரிடமும் வாங்கி வைக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு, வேலையில் இருக்கும் எல்லோரிடமும் அந்தப் படிவம் வாங்கும்வரை அவர் ஓயவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பள்ளியில் உட்கார்ந்து ஊழியர் குறைகளைக் கேட்டார். வந்த குறைகளில் பாதி பணம் சம்பந்தப்பட்டதே இல்லை: பிரசவ விடுப்பு முடிந்து வந்தவரை வேறு ஊருக்கு மாற்றியது, தலைமையாசிரியர் பிள்ளைகள் முன்னால் திட்டியது, சான்றிதழ் மூலத்தை வாங்கி வைத்துக்கொண்டு தராதது. இவற்றில் எதுவும் நீதிமன்றத்துக்கு வந்திருக்காது. ஆனால் நீதிமன்றத்துக்கு வந்த ஒவ்வொரு வழக்குக்கும் அடியில் இப்படி ஒன்று கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத முடியாது. சிலருக்குத் தவணையில்தான் கொடுக்க முடிந்தது. கட்டணத்தை உயர்த்த முடியாத மீனவ ஊர்ப் பள்ளி ஒன்றை நிர்வாகம் கைவிட நினைத்து, ஊர்க்கமிட்டி வந்து பேசிய பிறகு வைத்துக்கொண்டது. நியாயமான சம்பளத்துக்கும் ஏழைப் பிள்ளையின் ஃபீஸுக்கும் நடுவே நிர்வாகம் திணறுவது பொய்யல்ல. அந்தத் திணறலின் செலவை ஆசிரியரின் ஓய்வுக்காலத்தில் எழுதிவிடுவதுதான் தவறு.

2025 நவம்பர் 21 முதல் பணிக்கொடைச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. குறித்த காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்படுபவருக்கு ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஓராண்டு பார்த்தாலே அந்த அளவுக்குப் பணிக்கொடை உண்டு. சமீபத்தில் வேறொரு பள்ளி நிர்வாகத்தார் வந்து, ஆசிரியர்களை 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்து, மே மாதம் விட்டு, ஜூனில் வேறு பள்ளிப் பெயரில் எடுத்தால் என்ன என்று கேட்டார்கள். அவர்களிடம் எத்தனை பள்ளி, எத்தனை தாளாளர் என்று நான் கேட்கவில்லை. மாற்றல் உத்தரவில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கேட்டேன். ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். அப்படியானால் பணிக்கொடைக் காசோலையிலும் அவரே போட வேண்டியிருக்கும், இப்போதே நிதி ஒதுக்கத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.